ராகு காலத்தில் ஒரு கையெழுத்து

அத்தியாயம் ஏழு

மேசையின் மேல் ஒரு தாள் கிடந்தது. தாளின் அடியில் இசைவாணியின் பெயர் அச்சாகியிருந்தது. பெயருக்கு மேலே ஒரு கோடு. கோட்டின் மேல் இன்னும் ஒன்றும் இல்லை.

'எனது கவனக்குறைவால்' என்று தொடங்கியது அது. இன்று சாயங்காலத்துக்குள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டால், கம்பெனி வக்கீல் நாளைக் காலை போலீஸ் ஸ்டேஷனுக்கு எடுத்துக்கொண்டு போவார். அதற்கப்புறம் கட்டுமாவடி சவரியப்பன் கடலில் செத்துப்போனதற்கு இசைவாணிதான் காரணம் என்று ஆகிவிடும்.

அவள் பேனாவைத் திறந்து கையில் வைத்திருந்தாள். அழுகை வரவில்லை. பயமும் வரவில்லை. பல் பிடுங்கும் முன் ஊசி போட்ட கன்னம் மாதிரி உடம்பு முழுக்க இருந்தது.

"பேனாவ மூடி வைங்க. மை காஞ்சிரும்" என்றாள் எதிரே உட்கார்ந்திருந்த புவனேஸ்வரி.

இசைவாணி மூடி வைத்தாள்.

புவனேஸ்வரி புதுக்கோட்டையில் துப்பறியும் நிலையம் நடத்துகிறவள். முக்கால்வாசி வேலை மாப்பிள்ளை விசாரிப்பதுதான். சிங்கப்பூரிலிருந்து இசைவாணியின் அண்ணன் ஜஸ்டின் போன் போட்டுக் கெஞ்சியதால் நேற்று இந்த விவகாரத்துக்குள் வந்தாள். கூட வந்த உதவியாளர் கண்ணுசாமி, அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு கொடுத்தது கவர்மெண்ட், வாய்க்கு யாரும் கொடுக்கவில்லை.

மச்சுவாடிப் பக்கம் ஒரு மாடி வீட்டின் கீழ்த்தளம்தான் கம்பெனி. சனிக்கிழமை மதியம் என்பதால் வேறு யாரும் இல்லை. இங்கே செய்வது 'கரைமணி' என்ற ஒரே ஒரு சாமான். படகில் சுக்கான் பக்கத்தில் பொருத்துகிற டேப்லெட். புயல் எச்சரிக்கை வந்தால் திரையில் சிவப்பாக எழுத்து வரும், கூடவே சைரன் அலறும். சவரியப்பனின் படகில் எழுத்து வந்தது. சைரன் அலறவில்லை. வலையை இழுத்துக்கொண்டிருந்த மூன்று பேரில் ஒருவரும் திரையைப் பார்க்கவில்லை. இரண்டு பேரை வேறு படகு தூக்கியது. சவரியப்பனை அலைதான் கொண்டுவந்து போட்டது.

"எனக்கு ஒண்ணுதான் புரியல" என்றார் கண்ணுசாமி. "தப்பு லைப்ரரியிலன்னு எல்லாரும் சொல்றாங்க. நானும் வந்ததுலேருந்து தேடுறேன், ஒரு புத்தகத்தையும் காணோம்."

"புத்தகம் இல்லண்ணே." இசைவாணி பாடம் ஒப்பிக்கிற குரலில் சொன்னாள். "ஒரு வேலைய ஒரு தடவ எழுதி வச்சிட்டா, மத்த புரோகிராமெல்லாம் அதக் கூப்பிட்டுக்கும். சைரன் அடிக்கிற வேலைய நான் அப்படி எழுதி வச்சிருக்கேன். எழுதுனத மெஷினுக்குப் புரியிற மாதிரி மாத்தி ஒரே ஃபைலாக் கட்டிருவோம். அதுக்கு லைப்ரரின்னு பேரு. மேல ஒரு லேபிள் இருக்கும். என்ன பேரு, எத்தனாவது பதிப்பு, யாரு செஞ்சது. கடைசில கையெழுத்து."

"மருந்து பாட்டில் மாதிரி."

"ஆமா. கையெழுத்து இல்லாட்டி டேப்லெட் ஏத்துக்காது. பழைய நம்பரா இருந்தாலும் ஏத்துக்காது."

"எங்க டிப்போவுல இந்தக் கண்டிஷன் இருந்திருந்தா பாதி வண்டி ரோட்டுக்கே வந்திருக்காது."

புவனேஸ்வரி சிரிக்கவில்லை. திரையில் அந்த லேபிளைத் திறக்கச் சொன்னாள். பதிப்பு 2.9. கையெழுத்திட்டவர் இசைவாணி. நேரம், போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, பிற்பகல் மூன்று ஐந்து.

"கம்பெனி பேருல இல்லாம ஏன் ஒங்க பேருல இருக்கு?"

"கையெழுத்துச் சாவி வாங்குறப்ப கம்பெனி பேப்பரெல்லாம் சரியா இல்ல. எம்பேருல வாங்கிட்டோம். பென் டிரைவ் மாதிரி இருக்கும்."

"அது எங்க இருக்கும்?"

இசைவாணி சுவரைக் காட்டினாள். சாமி படம் வைத்த பலகையில், முருகன் காலடியில், கட்டை விரல் அளவு ஒரு கறுப்புச் சாமான் கிடந்தது. ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் அதன் முதுகில் காய்ந்திருந்தன.

"நல்லாருக்கு" என்றார் கண்ணுசாமி. "சாவிக்குப் பொட்டு வச்சி நடு வீட்டுல மாட்டிட்டு, திருடன் எப்படி வந்தான்னு கேக்குறீங்க. நம்பர் பூட்டாவது உண்டா?"

"உண்டு. எல்லாருக்கும் தெரியும்."

"அந்த நேரம் வெளியிலேருந்து வர்றதா, மெஷின் சொல்றதா?" என்று கேட்டாள் புவனேஸ்வரி.

"நான் போட்டா இன்டர்நெட்ல ஒரு சாட்சி நேரமும் சேத்துப் போடுவேன். இதுல அது இல்ல. அப்படின்னா மெஷினோட கடிகாரம் சொல்ற நேரம்தான்."

"அப்ப நீங்க போடல."

"இன்டர்நெட் அன்னைக்கு இல்லாம இருந்திருக்கலாம்" என்றாள் இசைவாணி. "நான் அவசரத்துல விட்டிருக்கலாம்."

கண்ணுசாமி அவளை ஏற இறங்கப் பார்த்தார். "பாப்பா, நீ யாரு பக்கம்?"

அவளுக்கே தெரியவில்லை. 2.8 என்று சோதனைக்காக அவள் ஒன்று செய்து வைத்திருந்தது உண்மை. அதில் சைரன் சத்தத்தை நிறுத்தி வைத்திருந்ததும் உண்மை. மேல்மாடியில் ஷீபா டீச்சர் டியூஷன் எடுக்கிறாள். சோதனைக்காகச் சைரனை அலறவிட்டால் பிள்ளைகள் புத்தகத்தைப் போட்டுவிட்டுக் கீழே ஓடி வந்தார்கள். ஷீபா இரண்டு தடவை வந்து சத்தம் போட்டாள். அதனால் இசைவாணி சத்தத்தை எடுத்துவிட்டுத் திரையை மட்டும் சோதித்துக்கொண்டிருந்தாள். கடலுக்குப் போகும் முன் திருப்பி வைக்க வேண்டும். இன்னும் ஒரு வாரம் வேண்டும் என்று முதலாளி ஆவுடையப்பனிடம் சொல்லியிருந்தாள். அந்த ஊமைப் பதிப்புதான் 2.9 என்ற நம்பரோடு படகுகளுக்குப் போய்விட்டது. கையெழுத்து அவள் பேரில். போட்டதாக அவளுக்கு ஞாபகம் இல்லை. ஞாபகம் இல்லாததை வைத்து எதைத்தான் நிரூபிக்க முடியும்?

"2.8ஐ நீங்க வெளிய விடுறதா இருந்தா என்ன நம்பர் போடுவீங்க?" என்றாள் புவனேஸ்வரி.

"2.8."

"2.9 இல்ல?"

"எதுக்கு? நம்பரைத் தாண்ட மாட்டேன்." சொல்லிவிட்டு நிறுத்தினாள். "சார்தான் தாண்டச் சொல்வாரு. எட்டு அவருக்கு ஆகாது. 1.8 வந்தப்ப ஒரு வாரம் எங்கூடப் பேசல."

கண்ணுசாமி நாற்காலியிலிருந்து எழுந்தார். "அவ்வளவுதான் மேடம். எட்டக் கண்டா ஓடுற ஆளு. புடிச்சி உள்ள வைங்க, நான் டீ குடிச்சிட்டு வாரேன்."

"ஒக்காருங்கண்ணே. செவ்வாய்க்கிழம மூணு அஞ்சு என்ன நேரம்?"

கண்ணுசாமி சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தார். மெதுவாகத் திரும்பி உட்கார்ந்தார். "ராகு காலம். மூணுலேருந்து நாலரை."

"ஆவுடையப்பன் ராகு காலத்துல என்ன செய்வாரு?"

"ஒண்ணும் செய்ய மாட்டாரு" என்றாள் இசைவாணி. "போன் வந்தாக்கூட அடிச்சு ஓயட்டும்னு விட்டுருவாரு."

"தும்மல் வந்தா?" என்றார் கண்ணுசாமி.

"அடக்கிக்குவாருன்னு நெனைக்கிறேன்."

அவர் சிரித்த பிறகுதான் அது கேலி என்று அவளுக்கு உறைத்தது.

புவனேஸ்வரி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எட்டுக்குப் பயப்படுற கை. ராகு காலத்துக்குப் பயப்படாத கை. ரெண்டும் ஒரே ஆளுக்கு இருக்காது. ரெண்டு பேரு இருக்கணும். இல்லாட்டி ஏதோ ஒண்ணு பொய் சொல்லுது. வாங்க, மாடிக்குப் போவோம்."

மாடிக்கு எதற்கு என்று இசைவாணி கேட்கவில்லை. எழுந்து போனாள்.

ஷீபா கரும்பலகையை அழித்துக்கொண்டிருந்தாள். இசைவாணியைக் கண்டதும் கையிலிருந்த துணியை என்ன செய்வது என்று தெரியாமல் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள். சவரியப்பன் செத்த செய்தி எல்லோருக்கும் தெரியும்.

"டீச்சர், போன மாசம் அந்தச் செவ்வாய்க்கிழம மத்தியானம் மூணு மணிக்குக் கீழ யாராச்சும் வந்து போனதப் பாத்தீங்களா?" என்று புவனேஸ்வரி தேதியைச் சொல்லிக் கேட்டாள்.

"நான் எங்கங்க பாக்க? அன்னைக்கு மாசாந்திர கரண்ட் கட்டு. காலையில போனது சாயங்காலம் வரைக்கும் வரல. டியூஷனுக்கு லீவு விட்டுட்டு வெளி வராந்தாவுல கெடந்தேன். இசையும் எங்கூடத்தான் இருந்திச்சு. அட்டைய வச்சு விசிறிக்கிட்டு."

"கீழ இன்வெர்ட்டர் இருக்குமே?"

"அது பேட்டரி செத்து ரெண்டு மாசமாச்சு, ஆபீசுல எல்லாமே கரண்ட்ல ஓடுற டெஸ்க்டாப்புதான்" என்றாள் இசைவாணி. சொல்லும்போதுதான் அந்த மதியம் அவளுக்குத் திரும்பி வந்தது. வராந்தாவின் சூடு. காலண்டர் அட்டை. தெருக் கோடியில் கம்பத்தில் ஏறி நின்ற லைன்மேன். நாலரை அடித்ததும் ஆவுடையப்பன் கீழிருந்து, "கரண்டு வர்ற மாதிரித் தெரியலம்மா, நான் வீட்டுக்குக் கெளம்புறேன்" என்று சொன்னது.

"அன்னைக்கு நாலரைக்கு இசை ஆவூருக்கு பஸ் ஏறப் போயிருச்சுங்க" என்றாள் ஷீபா. "செவ்வாய்னா அந்தோணியார் நவநாள். அது போகாம இருக்காது."

"அன்னைக்குக் கோயில்ல வாசகம் நான்தான் வாசிச்சேன்" என்றாள் இசைவாணி, வேறு யாரைப் பற்றியோ சொல்வது போல.

படியிறங்கும்போது கண்ணுசாமி சொன்னார். "கரண்டு இல்லாத ஆபீசுல மூணு அஞ்சுக்குக் கையெழுத்து. மின்வாரியத்துக்குத் தெரிஞ்சா பில்லு போட்டுருவான்."

"பொய் சொல்றது நேரம்" என்றாள் புவனேஸ்வரி. "யாரோ ஒரு ஆளு இல்ல. இசை, நீங்க கடைசியா வெளிய விட்ட 2.7 இருக்கா? அது லேபிளையும் இது லேபிளையும் பக்கத்துல பக்கத்துல வைங்க."

இரண்டும் திரையில் வந்தன. கம்பெனி பெயர் ஒன்றுதான். காப்புரிமை வரி ஒன்றுதான். நம்பர் வேறு, நேரம் வேறு. புவனேஸ்வரியின் விரல் கீழே இறங்கி ஒரு வரியில் நின்றது.

"மொழின்னு ஒரு வரி இருக்கே. ஒங்களோடதுல ஆங்கிலம், இந்தியா. இதுல?"

இசைவாணி படித்தாள். "ஆங்கிலம், சிங்கப்பூர்."

"யாரு போடுவா இத?"

"யாரும் போட மாட்டாங்க. லேபிள்ல நம்பரை மாத்துற நேரத்துல, அந்த மெஷின் எந்த ஊருன்னு தன்னை நெனச்சுக்கிட்டிருக்கோ அதுவே விழுந்துரும்."

இப்போது இரண்டு பேரும் தன்னைப் பார்க்கிறார்கள் என்பது இசைவாணிக்குத் தெரிந்தது. சிங்கப்பூர் என்றால் ஜஸ்டின். ஜஸ்டின் என்றால் அவள்.

"அண்ணன் ஒரு லேப்டாப் அனுப்பிச்சாரு" என்றாள். "ரெண்டு வருஷம் வச்சிருந்தேன். அண்ணன் ஊர்ல இப்ப என்ன மணின்னு எனக்குத் தெரியட்டுமேன்னு சிங்கப்பூர் நேரத்துலயே விட்டிருந்தேன்."

"அது இப்ப எங்க?"

பதில் சொல்ல அவளுக்கு நேரம் பிடித்தது. மறைக்க நினைத்ததால் இல்லை. அந்த லேப்டாப்பைப் பற்றி அவள் யோசித்தே வெகுநாளாகியிருந்தது. "ஆபீசுல டெஸ்க்டாப் போட்டதும் சாருக்குக் குடுத்தேன். அவரு பொண்ணு காலேஜ் சேந்துச்சு, படிக்கிறதுக்காக."

"ஆலங்குடி, ஆவுடையப்பன் வீட்டுக்கு" என்றாள் புவனேஸ்வரி, கண்ணுசாமியைப் பார்த்து.

"ரைட்" என்று அவர் சாவியை எடுத்தார். "உள்ள ஏறுங்க. படியில நிக்காதீங்க."

போகும் வழியெல்லாம் தென்னந்தோப்பும் முந்திரிக் காடும் மாறி மாறி வந்தன. முன் சீட்டில் இருவரும் பேசிக்கொண்டு வந்தது பின் சீட்டுக்குத் துண்டு துண்டாகக் கேட்டது.

"சிங்கப்பூர் நமக்கு ரெண்டரை மணி நேரம் முன்னாடி" என்றார் கண்ணுசாமி. "இருந்தா என்ன? மெஷினுக்குத் தான் இருக்குற ஊரும் தெரியும், ஊரு நேரமும் தெரியும். நமக்கு மாத்திக் காட்டும்போது சரியாத்தானே காட்டும்?"

"ஊரும் நேரமும் ரெண்டும் சரியா இருந்தா சரியாத்தான் காட்டும்."

"ஒண்ணு தப்பா இருந்தா?"

"போய்ப் பாப்போம்."

இசைவாணி ஜன்னல் வழியே ஒரு ஆட்டுக்குட்டியைப் பார்த்தாள். அது ரோட்டைத் தாண்டலாமா வேண்டாமா என்று நின்றுகொண்டிருந்தது. கார் தாண்டிப் போய்விட்டது. அது என்ன முடிவு செய்தது என்று அவளுக்குத் தெரியவில்லை.

ஆவுடையப்பன் வீட்டில் இல்லை. கடைக்குப் போயிருந்தார். அவர் மனைவி பொன்னுத்தாய் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு வாசலுக்கு வந்தாள்.

"வா இசை. என்னடா இது, மொகமெல்லாம் இப்படிக் கெடக்கு. நீயும் என்ன செய்வ, ஒரு உசுரு போயிருச்சே. உள்ள வாங்க எல்லாரும்."

அவளுக்கு ஒன்றும் தெரியாது என்பது அந்தக் குரலிலேயே இருந்தது. புவனேஸ்வரி தன் பெயரைச் சொன்னாள், தன் வேலையையும் மறைக்காமல் சொன்னாள். இசைவாணி கொடுத்த லேப்டாப்பை ஒரு தடவை பார்க்க வேண்டும் என்றாள்.

"அதுக்கென்ன, தாராளமாப் பாருங்க. பொண்ணு திருச்சி ஹாஸ்டலுக்கு வேற புதுசு வாங்கிட்டுப் போயிருச்சு. இப்ப இவருதான் வச்சு நோண்டிக்கிட்டிருக்காரு."

சாமி அலமாரிக்குப் பக்கத்து மேசையில் குரோஷா பின்னல் துணி போர்த்தி இருந்தது லேப்டாப். இசைவாணி துணியை எடுத்து மடித்து வைத்துவிட்டுத் திறந்தாள். மூலையில் மணி தெரிந்தது.

கண்ணுசாமி தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். "கரெக்டா இருக்கு மேடம். வந்த பெட்ரோல் வேஸ்ட்டு."

"ஊரு எதுன்னு பாருங்க இசை."

இசைவாணி உள்ளே போய்ப் பார்த்தாள். ஊர் என்ற இடத்தில் சிங்கப்பூர். நேரத்தைத் தானாகத் திருத்திக்கொள்ளும் வசதி அணைத்து வைக்கப்பட்டிருந்தது. மணி மட்டும் ஆலங்குடி மணி.

"மணி சரி, ஊரு தப்பு" என்றாள்.

"ஓ, அதுவா?" பொன்னுத்தாய் சிரித்தாள். "வந்த புதுசுல அது தறிகெட்டு ஓடிக்கிட்டிருந்துச்சு. இங்க காலையில ஏழுன்னா அதுல ஒம்பதரை. இவருக்குத்தான் நேரம்னா உசுராச்சே. தப்பு மணிய வீட்டுல வச்சிருக்கக் கூடாதுன்னு ஒக்காந்து கையால திருப்பி வச்சாரு. அதுலேருந்து இதப் பாத்துத்தான் நல்ல நேரம் பாக்குறது."

யாரும் பேசவில்லை. பொன்னுத்தாய் அந்த மௌனத்தை மரியாதை என்று எடுத்துக்கொண்டாள் போலிருக்கிறது. மேலே சொன்னாள்.

"அன்னைக்குக்கூட, அங்கிட்டுக் கரண்டு இல்லன்னு சீக்கிரமே வந்துட்டாரு. செவ்வாய்க்கிழம. கையில ஒரு சின்ன சாமான், குங்குமம் வச்சது. நல்ல நேரம் அஞ்சே முக்காலு வரைக்கும்தான், அதுக்குள்ள முடிக்கணும்னு, கொண்டாந்த காபியக்கூடத் தொடல. இதுல சொருகி என்னமோ செஞ்சாரு. முடிச்சிட்டு வெளக்கேத்தி விழுந்து கும்பிட்டாரு. நானும் கும்பிட்டேன். காலையில கட்டுமாவடிக்குப் போகுது, கடலுக்குப் போறவுகளுக்குக் காவலுன்னு சொன்னாரு."

புவனேஸ்வரி கண்ணுசாமியிடம் தணிந்த குரலில் சொன்னாள். "அஞ்சு முப்பத்தஞ்சுக்குப் போட்டிருக்காரு. மெஷின் தான் சிங்கப்பூர்ல இருக்குறதா நெனச்சுக்கிட்டிருக்கு. அதுக்கு அது சிங்கப்பூர் அஞ்சு முப்பத்தஞ்சு. நம்ம கணக்குல?"

"ரெண்டரையைக் கழிங்க. மூணு அஞ்சு." கண்ணுசாமியின் வாய் ஒரு கேலிக்காகத் திறந்து, பொன்னுத்தாயைப் பார்த்ததும் மூடிக்கொண்டது.

கெட்ட நேரத்துக்குப் பயந்து கடிகாரத்தைத் திருத்திய மனிதரை அந்தக் கடிகாரமே ராகு காலத்தில் கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டது. அந்த நேரத்தை வைத்துத்தான் எல்லோரும் இசைவாணியைப் பிடித்தார்கள். ஐந்தரைக்கு அவள் ஆவூர் பஸ்ஸில் இருந்தாள். அவள் போடவில்லை.

இது சந்தோஷப்பட வேண்டிய இடம் என்று அவளுக்குத் தெரிந்தது. காத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. ஆவுடையப்பன் காய்கறிப் பையோடு உள்ளே வந்தார். திறந்திருந்த லேப்டாப்பைப் பார்த்தார். பையைச் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். ஆலங்குடியில் டிவி ரிப்பேர் கடை வைத்திருந்து, தானே படித்து, தானே ஒரு கம்பெனி தொடங்கிய மனிதர். கை விரல்களில் இன்னும் பழைய ஈயப் பற்றுச் சூட்டின் தழும்புகள் இருந்தன.

"பொன்னு, இவுங்களுக்குக் குடிக்க ஏதாச்சும் கொண்டா" என்றார்.

அவள் உள்ளே போனதும் இசைவாணியைப் பார்த்தார். "பொய் சொல்லணும்னு நெனைக்கலம்மா. வக்கீல்தான் மொதல்ல ஒம்பேரச் சொன்னாரு. நான் இல்லன்னு சொல்லல. அவ்வளவுதான்."

"நீங்க போட்டது ஒங்களுக்குத் தெரியுமே சார்" என்றாள் புவனேஸ்வரி.

"தெரியும். அந்த மூணு அஞ்சப் பாத்ததும் தெரியாமப் போச்சு." அவர் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு பேசினார். "நான் ராகு காலத்துல கை வைக்க மாட்டேன். இது ராகு காலத்துல போட்டது. அப்ப நான் போட்டது வேற, இது வேற. இசை பொறவு ஒண்ணு போட்டிருக்கும்னு நெனச்சுக்கிட்டேன். அப்படி நெனைக்க வசதியா இருந்துச்சு."

"இன்னும் ஒரு வாரம் வேணும்னு சொன்னேனே சார்" என்றாள் இசைவாணி.

"சொன்ன. நீ எப்பவும் அப்படித்தான் சொல்லுவ, நல்லா இருக்குறதுக்கும் சொல்லுவ. புயல் மாசம் வந்துருச்சு. பழசுல எழுத்து தாமசமா வருதுன்னு அவுங்க கேட்டுக்கிட்டே இருந்தாங்க. சீக்கிரம் குடுத்தா நல்லதுன்னுதான், முந்துன நாளே ஃபைல எடுத்து வச்சிருந்து குடுத்தேன்."

அது பொய் இல்லை. அவருடைய முகத்தில் பொய் ஒட்டாது.

"சத்தம் இல்லாதது எனக்குத் தெரியாதும்மா" என்றார். "சத்தியமாத் தெரியாது. கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி லேபிள முழுசாப் படிச்சேன். நீ சொல்லிக் குடுத்த மாதிரியே. பேரு, நம்பரு, கம்பெனி. நம்பர மட்டும் மாத்துனேன். விவரம்னு ஒரு எடம் இருந்துச்சு. அதுல ஒண்ணுமே இல்ல. சோதனைக்கு மட்டும்னு ரெண்டு வார்த்த இருந்திருந்தா நான் தொட்டிருக்க மாட்டேன்."

குற்றம் சாட்டுகிற குரல் இல்லை. நடந்ததைச் சொன்னார், அவ்வளவுதான்.

விவரம். அந்த இடம் எப்போதும் அங்கேதான் இருந்தது. இசைவாணி அதை ஒருநாளும் நிரப்பியதில்லை. இது என்ன என்று தனக்குத்தான் தெரியுமே, எதற்கு எழுத வேண்டும் என்று விட்டுவிடுவாள். வெளியே போகாத ஃபைலுக்கு யார் விவரம் எழுதுகிறார்கள்?

பொன்னுத்தாய் மோர் கொண்டுவந்தாள். எல்லோரும் குடித்தார்கள். ஆவுடையப்பன் சட்டை மாற்றிக்கொண்டு தன் வண்டியிலேயே ஸ்டேஷனுக்கு வருவதாகச் சொன்னார். பொன்னுவிடம் தானே சொல்லிவிட்டு வர வேண்டும் என்றார். புவனேஸ்வரி சம்மதித்தாள். வாசல் தாண்டும்போது உள்ளே டிவியை அணைக்கிற சத்தம் கேட்டது.

கார் புதுக்கோட்டை ரோட்டில் ஏறியது. கொஞ்ச தூரம் வரைக்கும் கண்ணுசாமிகூட ஒன்றும் பேசவில்லை.

"அவரு ஓடிட்டா?" என்றார் பிறகு.

"ஓட மாட்டாரு."

"எனக்கும் தெரியும். சும்மா கேட்டேன். கார்ல ரொம்ப அமைதியா இருந்தா எனக்குக் காது அடைக்குது."

புவனேஸ்வரி பின்னால் திரும்பினாள். "அந்தத் தாளைக் கிழிச்சுப் போடுங்க இசை. நாளைக்குப் போலீஸ் கூப்பிட்டா, கையெழுத்து நான் போடல, அந்த நேரம் ஆவூர் பஸ்ல இருந்தேன்னு சொல்லுங்க. போதும். அந்த லேப்டாப் மத்தத சொல்லிரும்."

"சைரன நிறுத்துனது?"

"அது சோதனை. சோதனையில யாரும் எதையும் செய்யலாம். அதக் கேக்க மாட்டாங்க."

"விவரம் எழுதாதது?"

"அத யாரும் கேக்கவே மாட்டாங்க. அப்படி ஒரு எடம் இருக்குறதே அவுங்களுக்குத் தெரியாது."

"கேக்காட்டி?"

"கேக்காட்டி சொல்ல வேண்டியதில்ல." புவனேஸ்வரி அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "என்னைய ஒங்க அண்ணன் கூப்பிட்டது யாரு போட்டதுன்னு கண்டுபிடிக்க. கண்டுபிடிச்சாச்சு. இதுக்கு மேல எதுவும் என் வேலை இல்ல. அதனால சொல்றேன், வீட்டுக்குப் போயித் தூங்குங்க."

இசைவாணி தலையாட்டினாள். சவரியப்பனின் மனைவி அடைக்கலமேரியை அவள் ஒரே ஒரு தடவை பார்த்திருந்தாள். அடக்கத்தன்று, கட்டுமாவடியில், கூட்டத்துக்குப் பின்னால் நின்று. அடைக்கலமேரி யாரிடமோ திரும்பத் திரும்ப ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தாள். மணி ஏன் அடிக்கல? கேட்கப்பட்டவர் தெரியாது என்றார். பக்கத்தில் இருந்தவரைக் கேட்டாள். அவரும் தெரியாது என்றார். கேள்வி வரிசையாக நகர்ந்து இசைவாணி நின்ற இடத்துக்கு வரும் முன்னே பெட்டியைத் தூக்கிவிட்டார்கள்.

ஆவுடையப்பன் நேரத்தைச் சொல்வார். நம்பரைச் சொல்வார். மணி ஏன் அடிக்கவில்லை என்பது அவருக்குத் தெரியாது. அது தெரிந்த ஆள் ஒருத்திதான்.

ஊர் எல்லையில் ரோடு பிரிந்தது. இடதுபக்கம் போனால் இசைவாணி தங்கியிருக்கும் அறை. நேராகப் போனால் ஸ்டேஷன். கண்ணுசாமி வேகத்தைக் குறைத்துக் கண்ணாடியில் அவளைப் பார்த்தார்.

"எங்க எறங்கணும் பாப்பா?"

அவள் முகத்தில் ஏதோ ஊர்ந்தது. தொட்டுப் பார்த்தாள். ஈரமாக இருந்தது. எப்போதிலிருந்து என்று தெரியவில்லை.

"ஸ்டேஷனுக்கே போங்கண்ணே" என்றாள். "போட்டது அவரு. நிறுத்துனது நானு. ரெண்டும் சேந்தாத்தான் அந்தம்மா கேட்டதுக்குப் பதிலு."

புவனேஸ்வரி திரும்பி நேராக உட்கார்ந்துகொண்டாள்.

கண்ணுசாமி கியரை மாற்றினார். பின்னால் வந்த பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே அவர்களைத் தாண்டியது. நீளமான, காதைக் கிழிக்கிற ஹாரன். இசைவாணி காதைப் பொத்தவில்லை. அது ஓயும்வரை கேட்டுக்கொண்டிருந்தாள்.